வண்டிக்கு வந்த காய்ச்சல்

அன்று வண்டியைச் சுற்றி நின்றது நான்கு பேர். அப்பா, செல்வன் அத்தான், இடுப்பில் பிள்ளையோடு அக்கா, கையில் ஸ்பானரோடு நான். அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போயிருந்தாள். அப்பாவும் போயிருக்க வேண்டியவர்தான். மழையானாலும் பனியானாலும் ஞாயிறு தவறாதவர், அன்று மட்டும் முதுகு வலிக்கிறது என்று நின்றுவிட்டார். முதுகு வலிக்கிறவர் ஒரு மணி நேரமாக உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இல்லாதவர்கள் இன்னும் மூன்று பேர். ஒருவர் மஸ்கட்டில், ஒருவர் கோயம்புத்தூரில், மூன்றாமவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மூவருடைய உண்மைப் பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த போனட்டுக்குள் என் கை எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொன்னவர்கள் அவர்கள்தான். அவர்கள் எழுதியதை, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து பிரிண்ட் எடுத்து, காற்றில் பறக்காமல் வைப்பருக்கு அடியில் செருகி வைத்திருந்தேன்.

"லேய் தம்பி, அந்தப் பேப்பரப் பாத்துதான் அழிக்கப் போறியா?" என்றாள் அக்கா.

"அழிக்க இன்னும் என்னட்டி இருக்கு? அவன் பாத்து அழிக்கட்டும்" என்றார் அத்தான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய சட்டைப் பையில் பாஸ்போர்ட் நகல் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் கை வண்டி

சென்ற வாரம் இந்தத் தொடரில் அக்காவின் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அவள் போனில் சண்டை பிடித்தாள். "எனக்க செயின அடகு வெச்சு வண்டி வாங்கினத மட்டும் ஏம்லே விட்டுட்ட?" என்றாள். ஆகவே முதலில் அதை எழுதிவிடுகிறேன். எட்டுப் பேர் நெருக்கி உட்காரக்கூடிய அந்தப் பழைய டீசல் வண்டி, அக்காவின் செயினாலும் அப்பாவின் பி.எஃப். முன்பணத்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்களுக்கு முன் இரண்டு பேர் ஓட்டி அலுத்த வண்டி.

அத்தான் விடியற்காலையில் தோவாளைக்குப் போய்ப் பூ ஏற்றுவார். திருவனந்தபுரத்தில் இறக்குவார். மத்தியானத்துக்கு மேல் கல்யாணம், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் என்று எது கிடைக்கிறதோ அது. வண்டிக்குள் எப்போதும் டீசலும் பிச்சிப்பூவும் கலந்து ஒரு மணம் இருக்கும். ஏறுகிறவர்களுக்குத் தலை சுற்றும், இறங்கின பிறகு நன்றாக இருந்தது என்பார்கள்.

ஒரு நாள் தக்கலை தாண்டுவதற்குள் சூட்டு முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. அத்தான் ஓரங்கட்டினார். பின்னால் முப்பது கிலோ பிச்சி. அன்று அது திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தபோது பூவெல்லாம் காப்பி நிறத்தில் இருந்ததாம்.

நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். "ஹெட் போச்சு. இன்ஜின எறக்கணும். நாப்பதாயிரம் வெச்சுக்கிடுங்க" என்றார் அந்த மேஸ்திரி. மோசமான மனிதர் இல்லை. இப்படிச் சூடான வண்டிகளில் பாதிக்கு, அவர் சொன்ன மாதிரி இன்ஜினின் தலைமூடி பழுதாவதுதான் நோய்.

அத்தான் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார். "இந்தச் சவத்தக் கிடைச்ச வெலைக்குத் தள்ளிருவோம். குலசேகரத்துல ஏஜென்ட்டு ஒருத்தன் துபாய்க்கு ஆளு எடுக்கான். மாசக் கடைசிக்குள்ள பாஸ்போர்ட்டக் குடுக்கணும்."

பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். அக்கா பிள்ளையைக் கொண்டுபோய் அத்தான் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதுதான் அவளுடைய பதில்.

மாசக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது.

காய்ச்சல் எப்போது வருகிறது?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்போது நாகர்கோவிலில் பி.காம். இரண்டாம் ஆண்டு. எங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்றால் ஒரே படிப்புதான். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தாலும் என்னிடம் வருவார்கள், பம்பு செட்டு ஓடாவிட்டாலும் வருவார்கள். "படிச்சவன்தானே, பாரு" என்பார்கள். வண்டி நின்றதும் அப்பாவும் அதையேதான் சொன்னார்.

கீரிப்பாறை பஸ்ஸில் வந்து வடசேரியில் இறங்கினால் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். கல்லூரி விட்டதும் அங்கே போய்த் தேடினேன். அப்படித்தான் அந்த ஃபோரம் அகப்பட்டது. கார் பைத்தியங்கள் கூடும் இடம். நாடெங்கும் இருந்து, கடல் தாண்டியும் இருந்து, முகம் தெரியாத ஆட்கள் ஒருவர் வண்டிக்கு இன்னொருவர் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷில்.

என் இங்கிலீஷ் தமிழ் வழிப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். 'ஓவர்ஹீட்' என்ற சொல் அன்றைக்கு எனக்கு வரவில்லை. எங்கள் வண்டிக்குக் காய்ச்சல் என்று எழுதிவிட்டேன்.

முதலில் பதில் போட்டவர் 'டர்போகிங்'. எங்கே இருக்கிறார் என்று தெரியாதவர் இவர்தான். விற்றுவிடு என்று ஒரே வரி. இரண்டாவது பதில் மஸ்கட்டிலிருந்து வந்தது. பெயர் 'ஸ்லோடீசல்'. அவர் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. 'காய்ச்சல் எப்போது வருகிறது? ஏற்றத்திலா, நிற்கும்போதா, ஓடத் தொடங்கி எத்தனை நிமிடத்தில்?' என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். டாக்டர்கள்கூட எங்களிடம் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

அந்த ஃபோரத்துக்கு என்று சில நடைமுறைகள் இருந்தன. ஒரு தடவை ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். சொன்னதைச் செய்தால் போட்டோ போட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசியில் நோய் என்ன என்று வந்து எழுத வேண்டும். பதிலை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களை அங்கே 'கோஸ்ட்', அதாவது பேய், என்பார்கள். அடுத்த தடவை அவர்கள் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இன்னொருவனுக்கு அதே நோய் வரும்போது அந்தக் கடைசிப் பதில்தான் மருந்து என்பது அவர்கள் கணக்கு.

கோயம்புத்தூர்க்காரர் பெயர் 'பத்துஎம்எம்'. இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து அடியைப் போட்டோ எடுக்கச் சொன்னவர் அவர்தான். ஹெட் போயிருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்து மோர் மாதிரி இருக்குமாம். எங்கள் மூடியில் வெறும் கறுப்பு. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வருகிறதா என்றார். வரவில்லை. போனில் எடுத்த மங்கல் படங்களை ஏற்றுவதற்குள் அரை மணி நேரக் காசு போய்விடும்.

'உங்கள் ஹெட் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன்' என்று பத்துஎம்எம் எழுதிய அன்று நான் கடைசி பஸ் வரை காத்திராமல் கிடைத்த ஜீப்பில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தானாக நின்ற ஒழுக்கு

பிறகு ஸ்லோடீசல் ஒரு கேள்வி கேட்டார். முதல் காய்ச்சலுக்கு முன்னால் வண்டிக்கு என்ன செய்தீர்கள்? எதுவானாலும் சொல்லுங்கள், கழுவியதைக்கூடச் சொல்லுங்கள்.

வீட்டில் கேட்டேன். அத்தான் யோசித்தார். "ஒண்ணும் செய்யல மக்கா. அதுக்கு ஒரு நாலு நாளைக்கு முந்தி அடியில கொஞ்சம் வெள்ளம் சொட்டிச்சு. பெறவு தானா நின்னுட்டு."

"அப்பா, நீங்க?"

"நான் என்னத்தச் செய்யப் போறேன்?" என்றவர், செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அத்தான் சொன்னதை அப்படியே எழுதினேன். மறுநாள் பத்துஎம்எம் பதில் போட்டிருந்தார். அதை வீட்டில் எல்லோர் முன்னிலும் தமிழில் வாசித்தேன். 'தானாக நிற்கிற ஒழுக்கு இந்த உலகத்தில் கிடையாது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.'

"பேய் வந்து நிறுத்திச்சாக்கும்" என்று அத்தான் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த பாடம் விரலால் படித்தது. இன்ஜினை ஓட விடு, முள் முக்கால் ஏறியதும் நிறுத்திவிட்டு ரேடியேட்டருக்குப் போகிற மேல் குழாயைத் தொட்டுப் பார் என்றார் ஸ்லோடீசல். அக்காவின் அடுப்படித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தொட்டேன். பிறகு துணியை எடுத்துவிட்டு வெறுங்கையால் தொட்டேன். பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. இன்ஜின் கொதிக்கிறது, ஆனால் அந்தச் சூடு வெளியே வரவில்லை.

அவர் விளக்கினார். தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு உண்டு. இன்ஜின் சூடானதும் அது திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். உங்கள் கதவு திறக்கவில்லை. இரண்டு போல்ட்டுதான், நீயே திறந்து பார். எதையும் மாற்றாதே. பார், போட்டோ எடு, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தைத்தான் வைப்பருக்கு அடியில் செருகியிருந்தேன்.

எஸ்டேட்டுப் பால்

போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்து இல்லை. ஆனால் தன் பங்கு மரம் ஒவ்வொன்றும் எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

எங்கள் பக்கத்தில் ரப்பர் பாலுக்கு ஆகாத வேலை இல்லை. அறுந்த செருப்பை ஒட்டுவார்கள், கூரை ஓட்டையை அடைப்பார்கள், சைக்கிள் டியூப்புக்குத் தடவுவார்கள். என்னோடு படித்தவர்கள் எல்லோரிடமும் அப்பாமார் பாலை உறைய வைத்துச் சுற்றிக் கொடுத்த பந்து இருந்தது. விட்டெறிந்தால் கூரைக்கு மேலே எழும்பும். என்னிடம் மட்டும் இல்லை.

ஒரு நாள் அழுது கேட்டேன். "எஸ்டேட்டுக்க பாலு எஸ்டேட்டுக்குள்ளது மக்களே" என்றார். அவ்வளவுதான். வேலை முடிந்து வரும்போது கையில் ஒட்டிக் காய்ந்த பாலைக்கூட அங்கேயே உரித்து, ஒட்டுப்பால் கூடையில் போட்டுவிட்டு வருகிற ஆள். அதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கும் நெடுநாள் அந்தப் பந்தின் கோபம் இருந்தது.

மூடி திறந்தபோது

இரண்டு போல்ட்டும் எளிதாக வந்துவிட்டன. மூடி வரவில்லை. ஒட்டிக்கொண்டு நின்றது. மரக்கட்டையை வைத்துப் பைய இரண்டு தட்டு தட்டினேன். 'சப்' என்று ஒரு சத்தத்தோடு கையில் வந்தது.

உள்ளே கதவைக் காணவில்லை. பழுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டி, தொட்டால் அமுங்கி, விட்டால் எழும்பியது. இழுத்தால் நீண்டது.

"இது என்னவாக்கும் மக்கா, சூயிங்கமா?" என்று அத்தான் குனிந்தார்.

அதற்குள் மணம் எழும்பிவிட்டது. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத மணம். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டுக்குப் பக்கத்தில், மழை ஈரத்தில் கிடக்கும் ஒட்டுப்பாலின் மணம். பிள்ளைகூட அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அப்பாவைப் பார்த்தோம்.

"ரப்பர் பாலாக்கும்" என்றார் அப்பா. "நான்தான் விட்டேன்."

சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ஒரு சாயங்காலம் அத்தான் அவரைக் கூட்டிவர எஸ்டேட் வாசலுக்குப் போயிருக்கிறார். வண்டியை நிறுத்திவிட்டு சாயா குடிக்கப் போன நேரத்தில் அப்பா அடியில் சொட்டுவதைப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளைக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. பக்கத்து ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டையில் காலை வெட்டுக்குப் பிறகும் ஊறிச் சேர்ந்த பால் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டார். ஒழுக்கும் நின்றது. நான்கு நாள் நின்றது. அந்த நான்கு நாளும் அவருக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷமாம்.

"மத்தவனுவ சைக்கிளுக்குக் கேட்டது, இதுக்கும் கேக்கும்னு நெனச்சேன். உள்ள கெடந்து வேகும்னு யாரு கண்டா?"

அத்தான் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கோபம் ஏறி இறங்குவது கழுத்து நரம்பில் தெரிந்தது. "மாமா, நான் பாஸ்போர்ட்டத் தூக்கிட்டு அலையது உங்களுக்குத் தெரியும்லா? ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஊத்தினேன்னு சொன்னா, எடுத்தேன்னும் சொல்லணும்லா மாப்ள."

முதலில் சிரித்தது அக்காதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. "அப்பா, ஒரு செரட்ட பாலுக்கா எனக்க மாப்பிளைய துபாய்க்கு அனுப்பப் பாத்திய?" அத்தானும் அதற்கு மேல் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாவது வரி

ரேடியேட்டரைக் கழற்றி நாகர்கோவிலில் ரேடியேட்டர் வேலை மட்டும் செய்கிற கடையில் கொடுத்தோம். கடைக்காரர் மேல் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, ஒவ்வொரு துவாரத்திலிருந்தும் ரப்பர் நூல் இழுத்தார். "கொள்ளாமே! எலாஸ்டிக் கம்பெனி வெச்சிருக்கியளா?" என்று மெச்சிச் சிரித்தார்.

புதன்கிழமை புது தெர்மோஸ்டாட்டும், ஒழுகிய குழாய்க்கு மாற்றும் போட்டு, எல்லாம் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். முள் பாதியில் போய் நின்றது. தக்கலை தாண்டியும் அங்கேயே நின்றது.

ஃபோரத்தில் மட்டும் நான் எழுதவில்லை. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "எழுதாத மக்களே. எஸ்டேட்டுல யாராவது பாத்திருவாவளோன்னு பேடியா இருக்கு." நான்கு நாள் நானும் கோஸ்ட்டாக இருந்தேன். மூன்று நாள் பிரவுசிங் சென்டர் வாசலைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்து நடந்தேன், நான்காம் நாள் உள்ளே போய் வாசித்துவிட்டு மட்டும் வந்தேன்.

ஐந்தாம் நாள் அப்பாவே கேட்டார். "அந்த மஸ்கட்டுக்காரன் பெறவு ஒண்ணும் கேக்கலியா?"

கேட்டிருந்தார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தார்.

அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். "நம்ம ஆளே இல்லாதவன் இத்தன நாளு கேட்டிருக்கான். பதிலு சொல்லாம இருக்கது செரியில்ல. நானும் வாறேன்."

பிரவுசிங் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக, கோயில் படியில் வைக்கிற மாதிரி சேர்த்து வைத்துவிட்டு வந்தார். தட்டி அடைத்த அறைக்குள் என் பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"ரேடியேட்டருக்க உள்ள ரப்பர் பாலு ஊத்தினது நானாக்கும். ஒரு செரட்ட. அது எஸ்டேட்டுக்க பாலு, கேக்காம எடுத்தது."

நான் தட்டச்சு செய்து முடித்தேன்.

"மூணு காரியம் சொன்னேன். நீ ரெண்டுதான் அடிச்சிருக்க" என்றார்.

எழுத்துத் தெரியாதவர். என் விரல் நின்ற இடத்தைப் பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார். மரம் எண்ணுகிற கண். மூன்றாவது வரியையும் அடித்தேன். இங்கிலீஷில் அது இன்னும் மொட்டையாக இருந்தது.

பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். முதலில் பத்துஎம்எம் வந்தார். 'ஒழுக்கு எத்தனை நாள் நின்றது?' அப்பா நான்கு விரலைக் காட்டினார். எழுதினேன். அவர் பதில் போட்டார், 'ஒழுக்கை அடைக்க நான் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டேன், ஒரு நாள்கூட நிற்கவில்லை. மாமியார் பேச்சைக் கேட்டதற்கு என் கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.' அப்போதுதான் அவர் பெண் என்றே எனக்குத் தெரிந்தது. மூன்று வாரமாக 'சார்' என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. டர்போகிங்கும் வந்தார். தான் ரேடியேட்டரில் கோழி முட்டையை உடைத்து ஊற்றிய ஆள் என்று ஒரு வரி.

கடைசியில் ஸ்லோடீசல். 'முப்பது வருடமாக ஸ்பானர் பிடிக்கிறேன். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒன்றும் இல்லை என்பார்கள். நான்தான் என்று சொன்ன முதல் ஆள் உங்கள் அப்பா. அவரிடம் சொல்லுங்கள்.'

சொன்னேன். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுந்திரு மக்களே, மணிக்கு இருவது ரூவா" என்றார்.

அதற்குப் பிறகு

அத்தான் போகவில்லை. அந்த ஏஜென்ட் அந்த மாதம் துபாய்க்கு அனுப்பிய ஆட்களில் ஆறு பேரை திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டது எங்கள் வண்டிதான். முள் பாதியைத் தாண்டவில்லையாம்.

அடுத்த வேலை நாளில் அப்பா, வண்டிக்குள்ளிருந்து எடுத்த கட்டியைக் கழுவிக் காயவைத்து, ஒரு கவரில் போட்டு எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனார். ஒட்டுப்பால் நிறுக்கிற இடத்தில் சூப்பர்வைசர் மோந்து பார்த்துவிட்டு, "இது என்ன ஓய், டீசல் மணக்கு? வேண்டாம், கொண்டு போவும்" என்றிருக்கிறார். அப்பா நடந்ததைச் சொன்னார். சூப்பர்வைசர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, போய் வேலையைப் பாரும் என்றார். அப்பா நகரவில்லை. தன்னிடமிருந்து பாலுக்கு விலை வாங்கிக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் போவேன் என்று நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும், வேறு வழியில்லாமல் அவரும் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். 'கழிவு ஒட்டுப்பால் விற்ற வகையில் இருபது ரூபாய்.' இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தார்.

தெர்மோஸ்டாட், குழாய், கூலன்ட், ரேடியேட்டர் கடைக் கூலி, பிரவுசிங் சென்டருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முப்பது. அந்தச் சீட்டையும் கூட்டினால், இரண்டாயிரத்து ஐம்பது ரூபாய்.